அறுபத்திரண்டாவது நிமிடம்

முகத்துவாரம் வெளிச்சவீடு விளையாட்டுக் கழகத்தின்
அறிக்கைப் புத்தகம் இப்போது என்னிடம்.
முதல் பக்கத்தைக் கூனி மணக்கும் ஒரு கை எழுதியிருக்கிறது:
"பந்து ஒன்று. பதினெட்டு ரூபாய். பாதி கடன்."

கோல் கம்பத்துக்குச் சவுக்கு வெட்டியவர் கனகரெத்தினம்.
வலை மாரிமுத்தருடையது. இரவல்.
ஆறரைக்கு அது கடலுக்குப் போகவேண்டும் என்பதால்
எங்கள் ஆட்டங்கள் எல்லாம் வெளிச்சத்திலேயே முடிந்தன.
விழுந்த கோல்களில் செதில் ஒட்டியிருந்தது.

கோலி பார்தலட், தச்சுவேலை.
பந்து உள்ளே போனபிறகுதான் பாய்வார்.
சனி இரவு கலியாணவீட்டில்
விடியும்வரை கஃப்ரிஞ்ஞா ஆடிவிட்டு வருகிற மனிசனிடம்
வேறென்ன கேட்பது?

ஜேர்சி சிவப்பு. ஒரே அண்டாவில் சாயமிட்டது.
முதல் மழையிலேயே ரோசாவாகிவிட்டது.
கல்லடிப் பொடியன்கள் "ரோசாப்பூவே" என்று கூப்பிட,
அந்த வருடம் நான்கு சிவப்பு அட்டை.
பொருளாளர் ஞானசோதி எழுதுகிறார்:
"சட்டையில் போன சிவப்பை அட்டையில் வாங்கி வருகிறார்கள்.
தண்டம் கழகம் கட்டாது."

அவர்தான் நாற்பது கதிரை வாங்கிப்போட்டவர்.
கலியாணத்துக்கு வாடகை. செத்தவீட்டுக்கு இலவசம்.

தொண்ணூறு, ஆனி. இறுதி ஆட்டம்.
ஏறாவூர் இளம்பிறை பஸ் பிடித்து வந்திருந்தது.
ஒன்றுக்கு ஒன்று.
அறுபத்திரண்டாவது நிமிடம் பந்து கோட்டைத் தாண்டியது.
எடுக்கப் போனவன் எடுக்காமல் நின்றான்.
தூரத்தில் சத்தம்.
பிறகு கிட்டத்தில்.
மீன் லொறியிலிருந்து ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு
அவர்களை ஏற்றி அனுப்பினோம்.
அறிக்கையில் ஒரே சொல்: ஒத்திவைப்பு.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில்
இரண்டு ஊரும் ஒன்றின் பெயரை மற்றது
குரல் தாழ்த்திச் சொல்லப் பழகிக்கொண்டன.
புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் வெள்ளை.

சுனாமியன்று புத்தகம்
கணக்காய்வுக்கென்று புளியந்தீவில் இருந்தது.
அதனால் தப்பியது.
ஞானசோதி தப்பவில்லை. பார்தலட்டும்.
மைதானத்தின் கடல்பக்கப் பாதியும்.
மாசி மாத அறிக்கை:
"வருகை நான்கு பேர். கோரம் ஏழு.
தீர்மானம்: இனிக் கோரம் நான்கு."
கோரமில்லாமல் எப்படித் தீர்மானம் போட்டீர்கள் என்று
கணக்காய்வாளர் கேட்கவில்லை.
அந்த வருடம் கதிரை வாடகை வரவு:
பூச்சியம்.

போன ஆவணியில் வாசலில் ஒரு வான் வந்து நின்றது.
இறங்கியவர் றயீசுதீன்,
இளம்பிறையின் இடதுபக்கக் காவல்,
இப்போது முழங்காலில் பட்டி, வாயில் பாதிப் பல்.
"இருபத்தெட்டு நிமிசம் பாக்கி கிடக்கு கா.
ஆடி முடிப்பம்."
சரியென்றேன்.
"எங்கட த்ரோவில இருந்து தொடங்குவம்."
"இல்ல, அது எங்கட."

தேத்தண்ணி ஆறியது. மறுகா ஊற்றினோம்.
தொண்ணூறைப் பற்றி வேறெதையும் பேசாமல்
அந்த ஒரு த்ரோவைப் பற்றி
மூன்று மணித்தியாலம் பேசினோம்.

கடைசியில் மத்தியஸ்தருக்கு அழைத்தோம்.
இமானுவேல் சேர், டொரன்டோ. அங்கே விடிந்திருக்கவில்லை.
"த்ரோவா? அதுக்கு முதலே நான் பவுல் ஊதிட்டன்.
உங்களுக்குத்தான் கேக்கல்ல.
அண்டைக்கு வேற சத்தம் கனக்க."

ஆருக்கு ஊதினது, சேர்?

நெடுநேரம் இருமினார்.
"அது மறந்து போச்சு, மகன்."

ஆட்டம் இன்னும் நடக்கவில்லை.
இரண்டாம் சனிகளில் றயீசுதீன் வருகிறார், வாதாட.
போகும்போது பொடியன்களின் பயிற்சியைப் பார்த்து
"கோலி முந்திப் பாயிறான்" என்று குறை சொல்கிறார்.

இந்த மாதச் செலவை நான் எழுதியிருக்கிறேன்:
சீனி இரண்டு கிலோ.
தேயிலை.
விசில் ஒன்று,
நன்றாகக் கேட்கக்கூடியது.